முன்னோட்டக் குரலுக்குப் பெயர் எங்கே?

தமிழ்நாட்டில் ஒரு திரைப்படம் வெளிவந்தால் அதில் நடித்தவர் பெயரை நாடே அறியும். பாட்டெழுதியவர், இசையமைத்தவர், சண்டை பயிற்றியவர், தலைவாரி விட்டவர் வரை அனைவர் பெயரும் திரையில் ஓடும். அப்படத்தைக் காண வாருங்கள் என்று ஊரை அழைத்த குரலுக்குரியவர் பெயர் மட்டும் எங்கும் ஓடாது. விருந்து வைத்தவனைத் தெரியும்; சமைத்தவனைத் தெரியும்; வீடு வீடாய் வந்து அழைத்தவனைத் தெரியாது. முன்னோட்டத்திற்குக் குரல் கொடுக்கும் கலைஞனின் நிலை இதுவே.

முதற்கண் சொல்லை எடுத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் இதனை 'டிரெய்லர்' என்பர். பின்னால் இழுபட்டு வருவது என்பது அச்சொல்லின் பொருள். 1913ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரத் திரையரங்குகளின் விளம்பரப் பொறுப்பாளராய் இருந்த நில்சு கிரான்லண்டு என்பவர், வரவிருந்த ஒரு மேடை இசைநாடகத்தின் ஒத்திகைக் காட்சிகளைப் படச்சுருளில் பதித்துக் காட்டினார். இத்தகைய துணுக்குகள் அந்நாளில் படம் முடிந்தபின் ஓட்டப்பட்டன. ஆதலின் வால் என்று பெயர் வந்தது. படம் முடிந்ததும் மக்கள் எழுந்து போய்விடுகின்றனர் என்று கண்டு, வாலைத் தலைக்குக் கொண்டுவந்தனர். பெயரை மாற்ற மறந்தனர். நூறாண்டுக்கு மேலாகியும் முன்னே ஓடுவதைப் பின்னே வருவது என்றே ஆங்கிலம் அழைத்துக்கொண்டிருக்கிறது. தமிழோ 'முன்னோட்டம்' என்றது. படத்திற்கு முன் ஓடுவது. படத்தை முன்கூட்டி ஓட்டிப் பார்ப்பது. இரு பொருளும் ஒரு சொல்லில் அடங்கின. தமிழில் துறைச்சொல் இல்லை என்று முகஞ்சுளிப்போர் இவ்வொரு சொல்லுக்கேனும் விடை கூறட்டும்.

படம் பேசுவதற்கு முன்பே படத்திற்குக் குரல் பிறந்துவிட்டது. 1905இல் திருச்சிராப்பள்ளியில் தொடர்வண்டித் துறையில் வரைவாளராய் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட்டு, ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை விலைக்கு வாங்கி ஊர் ஊராய்க் கொண்டுசென்றார். அக்காலப் படம் ஊமை. இடையிடையே வரும் எழுத்தும் பெரும்பாலும் அயல்மொழி. பார்ப்பவருள் பலர்க்கு எழுத்தே தெரியாது. ஆகவே பேசாப்படக் கொட்டகைகளில் திரையருகே ஒருவர் நின்று கதையை உரக்கச் சொல்லிவந்தார். சப்பானில் இவ்வேலை செய்தவரைப் 'பென்சி' என்றழைத்துப் பெருங்கலைஞராய்ப் போற்றினர்; அவர் குரலைக் கேட்பதற்கென்றே கூட்டம் வந்தது. தமிழகத்தில் திரையருகே நின்று தொண்டை வற்றியவர்களின் பெயர்கள் பெரும்பாலும் திரையோடே மறைந்தன. 1931 அக்தோபர் 31இல் 'காளிதாசு' வெளிவந்து படம் தானே பேசத் தொடங்கியபின் கொட்டகைக்குள் அக்குரலுக்கு வேலையில்லை. தெருவில் இருந்தது.

அத்தெருவைக் காண ஆலங்குடிக்கு வரவேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடி அது; வியாழன் வழிபாட்டிற்குப் பேர்போன திருவாரூர்ப் பக்கத்து ஆலங்குடி வேறு. பழைய புதுக்கோட்டைத் தனியரசின் மூன்று வட்டங்களாகிய ஆலங்குடி, குளத்தூர், திருமயம் என்பவற்றுள் ஒன்றுக்கு அது தலையூர். 1948இல் தனியரசு சென்னை மாநிலத்தோடு இணைந்தது. 1974இல் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. ஆலங்குடி வட்டத் தலையூராகவே இன்றும் இருக்கிறது. தம் பெயரின் முன்னெழுத்திலேயே புதுக்கோட்டையைச் சுமந்த பி.யு. சின்னப்பாவை (1916–1951) ஈந்த மண் என்பதால் அப்பக்கத்து மக்களுக்குத் திரைமேல் ஒட்டு மிகுதி. ஆயினும் வடகாடு, கொத்தமங்கலம், கீரமங்கலம் முதலிய ஊர்களில் வாழ்ந்த உழவர்க்கு நாளிதழ் விளம்பரம் எட்டுவது அரிது. அவர்க்குப் படம் வந்த செய்தியைக் கொண்டுவந்தது குரல்தான்.

இருபுறமும் தட்டி கட்டிய மாட்டுவண்டி, தட்டியில் ஒட்டிய வண்ணச் சுவரொட்டி, முன்னே பறையொலி, பின்னே துண்டறிக்கைக்கு ஓடும் சிறுவர் கூட்டம். பின்னர்ப் பறையின் இடத்தை ஒலிபெருக்கி பிடித்தது. மாட்டுவண்டியின் இடத்தை மிதிவண்டியும் உந்தும் பிடித்தன. வண்டியிலிருந்து அறிவித்தவர் நடிப்புப் பள்ளியில் பயின்றவரல்லர். பல ஊர்களில் கொட்டகையில் நுழைவுச்சீட்டுக் கிழித்தவரும், சுவரொட்டி ஒட்டியவரும், மாலையில் அறிவிப்புக்குப் போனவரும் ஒருவரே. ஆனால் ஒலிவாங்கியைக் கையிலெடுத்ததும் அவர் மொழி மாறிற்று. வீட்டில் "வந்துட்டாக" என்பவர் வண்டியில் "வந்துவிட்டது" என்றார். "இன்று முதல்", "நாள்தோறும்", "காணத் தவறாதீர்கள்", "இன்னும் இரண்டே நாள்கள்" என்று முழுச் சொற்றொடராய்ப் பேசினார். எழுத்தறியா மாந்தர் தம் வாழ்நாளில் செந்தமிழ் நடையை உரத்த குரலில் கேட்ட இடங்கள் சிலவே. கட்சி மேடை ஒன்று, கூத்துமேடை ஒன்று, இவ்வறிவிப்பு வண்டி மற்றொன்று. மொழிப் பற்றாளர் முதலிரண்டையும் போற்றி எழுதினர். மூன்றாவதை எவரும் எழுதவில்லை. இழிந்த வேலை என்று எண்ணினர் போலும்.

அடுத்த குரல் கடலுக்கு அப்பாலிருந்து வந்தது.

புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்கெல்லை கோட்டைப்பட்டினம், மணமேல்குடிக் கடற்கரை. அதற்கெதிரே பாக்கு நீரிணையைத் தாண்டினால் யாழ்ப்பாணம். ஆதலின் கொழும்பிலிருந்து வந்த வானொலி அப்பக்கத்து ஊர்களில் உள்ளூர் நிலையம்போலவே தெளிந்து கேட்டது. 1925 திசம்பரில் தொடங்கிய அந்நிலையம் ஆசியாவின் மூத்த வானொலிகளுள் ஒன்று. 1950இல் அதன் விளம்பர ஒலிபரப்புத் தொடங்கிற்று. 1952இல் நடுவணரசின் ஒலிபரப்புத் துறை அமைச்சரான கேசுகர், திரைப்பாட்டு மக்களைக் கெடுக்கும் என்று அனைத்திந்திய வானொலியில் அதனை ஒடுக்கிவைத்தார். செவ்வியல் இசையைத் திணித்தால் மக்கள் திருந்திவிடுவர் என்பது அவர் நம்பிக்கை. மக்கள் வானொலியின் முள்ளைக் கொழும்புக்குத் திருப்பிக்கொண்டனர். 1957 அக்தோபரில் 'விவித பாரதி' என்னும் பெயரில் தில்லி திரைப்பாட்டுக்கு வழிவிட்டபோது இலங்கை வானொலி தமிழ் வீடுகளில் வேரூன்றிவிட்டிருந்தது.

அங்கே எசு. பி. மயில்வாகனம் என்னும் அறிவிப்பாளரின் குரல் 1950களிலும் 60களிலும் தமிழ்நாட்டு ஊர்ப்புறங்களில் நடிகர் குரலுக்கு ஈடாய் அறியப்பட்டிருந்தது. அவரை அடுத்து வந்தவர்களுள் திரைப்பட விளம்பரத்தையே ஒரு கலையாக்கியவர் கே. எசு. இராசா. இயற்பெயர் கனகரத்தினம் சிறீகந்தராசா. 'திரை விருந்து' என்னும் நிகழ்ச்சியில் அவர் ஒரு புதுப்படத்தை எடுத்துக்கொள்வார். படக்காட்சி இல்லை; செவி ஒன்றுதான் வாயில். அப்படத்தின் உரையாடல் துண்டுகளையும் பாட்டுகளையும் நறுக்கி வைத்துக்கொண்டு, அவற்றினிடையே தம் பேச்சை ஊடாடவிடுவார். அவர் ஒரு கேள்வி கேட்பார். படத்தின் நாயகன் விடை சொல்வான். அவர் ஐயுறுவார், வில்லன் சிரிப்பான். முடிவை மட்டும் சொல்லார். விரைந்து பேசினும் ஒரு சொல்லும் மற்றொன்றின்மேல் ஏறாது. ழகரமும் லகரமும் ளகரமும் தத்தம் இடத்தில் நிற்கும். படத்தைக் கண்டபின் "வானொலியில் கேட்டதே நன்றாயிருந்தது" என்று சொன்னோர் பலர். மேலைநாட்டார் முன்னோட்டக் கலை என்று எதனைப் போற்றுகின்றனரோ அதனைக் காட்சித் துணையின்றித் தமிழ்மொழி ஒன்றைக் கொண்டே செய்து காட்டியவர் அவர்.

ஒன்றை மறைக்கவேண்டியதில்லை. அவ்வொலிபரப்பின் பெயர் 'வர்த்தக சேவை', இரண்டும் வடசொற்கள். 1967இல் அரசுத் துறையாய் இருந்தது கூட்டுத்தாபனமாயிற்று, தாபனமும் வடசொல்லே. பெயர்ப்பலகை அப்படி. ஆனால் பலகைக்குப் பின்னே அமர்ந்து பேசியோர் அறிவிப்பாளர், நேயர், ஒலிபரப்பு, வணக்கம் என்ற சொற்களை நாள்தோறும் வழங்கினர். தமிழ்நாட்டுக்குரிய நிலையங்களோ தில்லி சொன்னபடி 'ஆகாசவாணி' என்று தொடங்கி, செய்திகளை 'வாசித்து'க்கொண்டிருந்தன. வானொலி என்ற சொல் தமிழர் வாயில் நிலைத்ததற்குக் கிளர்ச்சி செய்தோர் ஒரு பங்கு காரணர் என்றால், கடல்கடந்து அச்சொல்லை நாள்முழுதும் ஒலித்த ஈழத்துக் குரல்கள் மறுபங்கு. பி. எச். அப்துல் அமீது போன்றோரின் ஒலிப்புத் திருத்தத்தைத் தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிகள் பிற்காலத்தில் தேடி அழைத்தது தற்செயலன்று.

1983 சூலையில் சிங்கள இனவெறி தமிழர் வீடுகளையும் கடைகளையும் எரித்தபின் அக்குரல்களும் சிதறின. பலர் கடல் கடந்தனர். கே. எசு. இராசா பிற்காலத்தில் கொழும்பில் கொலையுண்டார். இலக்கக் கணக்கான மக்களைத் திரையரங்குக்கு அழைத்த அவர்க்குத் தமிழ்த் திரையுலகம் ஒரு நினைவுப் பரிசேனும் ஏற்படுத்தியிருக்கலாம். படமுதலாளிகளின் பணப்பை நிரம்பியதில் அவர் குரலுக்கும் ஒரு பங்குண்டு.

மேலைநாட்டில் இத்தொழில் எப்படி வளர்ந்தது என்பதையும் பார்க்கலாம். அமெரிக்காவின் மின்னெசோட்டா மாநிலத்தில் 1940இல் பிறந்த டான் இலாபான்டெயின் என்பவர் நியூயார்க்கில் ஒலிப்பதிவாளராய் இருந்தார். 1964இல் ஒரு குதிரைவீரர் படத்தின் விளம்பரத்திற்குக் குரல் கொடுக்க அமர்த்தப்பட்டவர் வரவில்லை. பதிவாளரே படித்துவைத்தார், படக்குழுமம் அதனையே ஏற்றுக்கொண்டது. அன்று தொடங்கி 2008 செத்தம்பரில் இறக்கும்வரை ஏறத்தாழ 5,000 முன்னோட்டங்களுக்குக் குரல் கொடுத்தார். ஒரே நாளில் பல பதிவகங்களுக்குச் செல்லவேண்டியிருந்ததால் வண்டி நிறுத்த இடந்தேடும் பொழுதும் வீணாகாதிருக்கத் தனியே ஓட்டுநரை அமர்த்திக்கொண்டார் என்பர். 'ஓர் உலகில்' என்று பொருள்படும் இரண்டு மூன்று ஆங்கிலச் சொற்களால் தொடங்கும் அவர் நடை உலகெங்கும் பரவி, கேலிக்கும் உரியதாயிற்று. அத்தகையவரின் முகத்தை அமெரிக்க மக்கள் பரவலாய்க் கண்டது 2006இல், ஒரு காப்பீட்டு விளம்பரத்தில். அங்கும் அவரைப் 'படங்களில் அறிவிப்பாரே, அவர்' என்ற வகையில்தான் அறிமுகஞ்செய்தனர். செல்வம் கொழித்த நாட்டிலும் குரலுக்குப் பெயர் எளிதில் வரவில்லை. பெண்குரலுக்கு இன்னும் அருமை. முன்னோட்டத் துறையில் ஆண்குரலே ஆள்வதைக் கருவாக்கி 2013இல் இலேக்கு பெல் என்ற அம்மையார் ஒரு முழுநீளப் படமே எடுத்தார்.

இலாபான்டெயினுக்குப்பின் மேலைநாட்டு முன்னோட்டங்களில் அறிவிப்புக் குரல் அருகியது. படத்தின் உரையாடலும் திரையெழுத்துமே அவ்விடத்தை நிரப்புகின்றன. தமிழ்ப் படத்துறையும் அவ்வழியே போனது. போகட்டும், கலைவடிவம் மாறுவது இயல்பு. ஆனால் குரல் போன இடத்தில் வந்து அமர்ந்த எழுத்து எந்த எழுத்து? ஆலங்குடியில் ஓடும் தமிழ்ப் படத்தின் முன்னோட்டத்தில், இன்னார் வழங்கும், இன்னார் இயக்கும், விரைவில் வருகிறது என்ற செய்தி அனைத்தும் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில். நடிகர் பேசுவது தமிழ். படம் தன்னை அறிவித்துக்கொள்வது ஆங்கிலம். வடகாட்டு உழவர்க்கு மாட்டுவண்டி அறிவித்த காலத்தில் விளங்கிய செய்தி, பலகோடி உருபாவில் எடுத்த படத்தின் முன்னோட்டத்தில் விளங்கவில்லை. அமெரிக்கனுக்கு விளங்கவேண்டும் என்று போடுகின்றனரா? அவன் பார்க்கப்போவதில்லை. தமிழில் போட்டால் படம் மலிவாய்த் தோன்றும் என்னும் தாழ்வு மனப்பான்மையே கரணியம்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. 2006இல் தமிழில் பெயர் சூட்டிய படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்களிக்கப்பட்டது. ஒரே ஆண்டில் 'எம்டன் மகன்' 'எம் மகன்' ஆயிற்று. 'சம்திங் சம்திங்' உதிர்ந்து 'உனக்கும் எனக்கும்' நின்றது. தமிழ்ப்பற்றால் அசையாத மலை வரியால் அசைந்தது. 2011இல் கட்டளைகள் மாறின. 2017 சூலையில் சரக்கு சேவை வரி வந்தபின் பழைய ஏற்பாட்டின் வலிமை போயிற்று. ஆனால் விலக்கு நன்றாய் நடந்த காலத்திலும் அது பெயரோடு நின்றது. பெயர் தமிழாயிருந்தால் போதும். அப்பெயரை ஊருக்குச் சொல்லும் மொழி எதுவாயினும் ஆகுக என்று விட்டுவிட்டனர். வாயிற்படியில் கோலம் போட்டுவிட்டு விருந்தினரை அயல்மொழியில் அழைத்தது போலாயிற்று.

இன்று ஆலங்குடித் திரையரங்கில் படத்திற்கு முன் அறிவிப்புக் குரல் தமிழில் முழங்குவது ஓரிடத்தில்தான். 2012 அக்தோபர் முதல் கட்டாயமாக்கப்பட்ட புகையிலை எச்சரிக்கை அது. அதுவும் வடக்கே இந்தியில் ஆக்கித் தமிழுக்குப் பெயர்த்தவை. சொல் தமிழ், சொற்றொடரின் எலும்பு இந்தி. மக்கள் அதனைக் கேலிசெய்து சிரிப்பதற்கு அம்மொழிபெயர்ப்பு நாற்றமும் ஒரு கரணியம். உயிர்காக்கும் செய்தியைத் தமிழறிந்தவர் எழுதித் தமிழ்க்குரலார் சொல்லியிருந்தால் சிரிப்பு வந்திராது.

இனிப் பெயர்ச் சிக்கல். பெயர் போடாமை வெறும் மதிப்புக் குறைவன்று. சட்டத்தில் இழப்பும் ஆகும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் நிகழ்த்துநர் உரிமை விரிவாய்ச் சேர்ந்தது. 2012 திருத்தம், தம் நிகழ்த்துகைக்குத் தம்மையே உரியவராய்க் காட்டும் உரிமையையும், அதனைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமையையும் நிகழ்த்துநர்க்கு வழங்கிற்று. கேட்கவே இனிக்கிறது. ஆனால் அதே திருத்தம் 'நிகழ்த்துநர்' என்ற சொல்லுக்கு ஒரு வரம்பும் கட்டிற்று. திரைப்படத்தில் ஒருவர் பணி தற்செயலானதாகவோ துணைமையானதாகவோ இருந்து, துறை வழக்கப்படி அவர் பெயர் திரையில் குறிக்கப்படுவதில்லை என்றால், அவர் நிகழ்த்துநராய்க் கருதப்படார். சிதைப்பைத் தடுக்கும் உரிமை ஒன்றே அவர்க்கு எஞ்சும். முதலாளி பெயர் போடாத வழக்கத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளலாம். அவ்வழக்கத்தையே காட்டி உரிமை இல்லை என்றும் சொல்லலாம். திருடன் கையில் சாவியைக் கொடுத்து, பூட்டியிருக்கிறதா என்று அவனையே பார்க்கச் சொன்ன கதை. படத்துள் ஓரிரு சொற்றொடர் பேசியவரும் முன்னோட்டத்துக்குக் குரல் கொடுத்தவரும் இவ்வரம்புக்குள் தள்ளப்பட இடமிருக்கிறது.

இது முன்பு சிறு தீங்கு, இப்போது பெருந்தீங்கு. செய்யறிவு வந்துவிட்டது. சிறிதளவு பதிவு இருந்தால் ஒருவர் குரலை அவர் இல்லாமலே எதையும் பேசவைக்க முடிகிறது. 2024இல் வெளிவந்த 'லால் சலாம்' படத்தில் மறைந்த பாடகர் பம்பா பாக்கியா, சாகுல் அமீது ஆகியோர் குரல்களை ஏ. ஆர். இரகுமான் இம்முறையில் மீட்டார். குடும்பத்தாரிடம் இசைவு பெற்று ஊதியமும் வழங்கியதாக அவரே அறிவித்தார். அது முறை. இந்தி நடிகர் அனில் கபூர் தம் உருவும் குரலும் இசைவின்றிப் பயன்படுவதை எதிர்த்து 2023 செத்தம்பரில் தில்லி உயர்நீதிமன்றத்தில் தடையாணை பெற்றார். பாடகர் அரிசித்து சிங் 2024இல் மும்பை உயர்நீதிமன்றத்தில் பெற்றார். அவர்கட்குப் பெயர் இருந்தது, வழக்குரைஞர் இருந்தார். துணிக்கடைக்கும் தேர்தலுக்கும் திருவிழாவுக்கும் திரைப்படத்துக்கும் சிற்றூர்ப் பதிவகங்களில் மணிக்கணக்காய்ப் பேசிவைத்த தமிழ்க்குரலார்க்கு இரண்டும் இல்லை. அவர் பதிவுகள் யார் யார் கணினியிலோ கிடக்கின்றன. நாளை அக்குரலை எந்திரம் பேசினால், "இது என் குரல்" என்று நிறுவுவதற்கு அவரிடம் ஒரு துண்டுத்தாளும் இராது. தெருவில் வண்டிவிட்டு அறிவித்தவர்க்காவது அன்றைய கூலி அன்றே கைக்கு வந்தது.

எந்திரத்திற்குத் தமிழ் ஒலிப்புத் தெரியாது என்று ஆறுதல் கொள்வாரும் உளர். கற்றுக்கொள்ளும். யாரிடமிருந்து கற்கும் என்பதே கேள்வி. ழகரத்தை விழுங்கும் தொலைக்காட்சித் தொகுப்பாளரிடமிருந்து கற்றால் ழகரமில்லாத் தமிழே நாளைய எந்திரத்தமிழ். நல்லொலிப்புடையாரைத் தேடி, இசைவெழுதி வாங்கி, ஊதியம் கொடுத்துப் பதிவுசெய்வது தமிழ் வளர்ச்சித் துறையின் வேலை. அகராதி தொகுக்கப் பணமொதுக்கும் அரசு ஒலிப்புத் தொகுக்கவும் ஒதுக்கலாம்.

படமுடையார்க்கு ஆகும் செலவு ஏதுமில்லை. முன்னோட்டத்தின் அறிவிப்பெழுத்தைத் தமிழில் போடுவதும், குரல் கொடுத்தவர் பெயரை இறுதியில் காட்டுவதும், எந்தப் பதிவு எதற்குப் பயன்படும் என்று ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிடுவதும் ஒருநாள் வேலை. பெயர் ஒருமுறை திரையில் வந்துவிட்டால் 'வழக்கமில்லை' என்ற சட்டச் சொல் பிறகு செல்லாது. படச்சுருள் நொடிக்கு 24 படச்சட்டங்களாய் ஓடும். ஒரு பெயரைப் படிக்க இரண்டு நொடி வேண்டும். ஆக 48 படச்சட்டங்கள்.